வலி போன முழங்காலுக்குள் என்ன நடக்கிறது?

முட்டிவலியால் படியேற முடியாமல் தவித்தவர் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறார். இரண்டு மூன்று நாளில் மாடிக்கு ஏறி இறங்குகிறார். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சில மாதம் கழித்து வலி திரும்புகிறது, இன்னொரு ஊசி. அதற்குள் தெரிந்தவர் யாராவது, "ஸ்டீராய்டு ஊசியா? வேண்டவே வேண்டாம், ஜவ்வெல்லாம் கரைஞ்சு போயிடும்" என்று பயமுறுத்தியிருப்பார். மருத்துவரோ, "பயப்படாதீங்க, எப்பவாவது ஒண்ணு போட்டுக்கலாம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். மருத்துவர் பேசுவது வலியைப் பற்றி. தெரிந்தவர் கவலைப்படுவது மூட்டின் உறுதியைப் பற்றி. வலி குறைந்தால் உறுதி கூடிவிட்டது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். முழங்கால் ஊசிகள் குறித்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் ஆய்வுகளில் பெரும்பகுதி, இந்த இரண்டையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கும் முயற்சிதான்.

அந்த முயற்சி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விளையாட்டு உலகில் ஒரு பிரபலமான வழக்கு உண்டு. டிக் பட்கஸ் என்பவர் 1965 முதல் 1973 வரை சிகாகோ பேர்ஸ் அணிக்காக அமெரிக்கக் கால்பந்து விளையாடியவர். எதிரணியினர் அஞ்சிய ஆட்டக்காரர். வலது முழங்கால் கெட்டுப்போன பிறகும் அவர் தொடர்ந்து களமிறங்கினார். ஓய்வுபெற்றபின், 1974இல், கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு உள்ளிட்ட ஊசிகளைப் போட்டுத் தன்னை ஆடவைத்ததால் முழங்கால் சீர்செய்ய முடியாத அளவு பாழானது என்று அணி நிர்வாகத்தின்மீது வழக்குத் தொடர்ந்தார். வழக்கு கடைசியில் சமரசத்தில் முடிந்தது.

சமரசம் என்பது அறிவியல் தீர்ப்பு ஆகாது. பட்கஸின் முழங்காலைக் கெடுத்தது எது? வலி தெரியாததால், ஓய்வு கொடுக்க வேண்டிய காலை ஓட வைத்ததா? அல்லது மருந்தே உள்ளிருந்த திசுவைப் பலவீனமாக்கியதா? ஆடிக்கொண்டே இருந்த மனிதரின் காலில் இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. பிரிக்க வேண்டுமானால் முழங்காலுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று முதலில் தெரிய வேண்டும்.

பேச்சு வழக்கில் ஜவ்வு என்று சொல்லும்போது மூன்று பொருட்கள் கலந்துவிடுகின்றன. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான உறை குருத்தெலும்பு. இரண்டு எலும்புகளுக்கு நடுவில் பிறை வடிவில் இருக்கும் மெத்தை மெனிஸ்கஸ். எலும்பை எலும்போடு பிணைத்து, மூட்டு பிசகாமல் பிடித்துவைக்கும் நார்ப்பட்டை தசைநார். முட்டித் தேய்மானம் என்பது பெரும்பாலும் முதலாவதன் சிக்கல். மைதானத்தில் கால் திருகி விழுகிறவருக்கு அறுந்துபோவது மூன்றாவது. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் என்ற நான்காவது ஒன்றும் உண்டு, பிறகு வரும்.

முழங்காலில் முக்கியமான தசைநார்கள் நான்கு. இரண்டு, மூட்டின் நட்டநடுவில் ஒன்றையொன்று குறுக்கே கடந்து செல்வதால் சிலுவைத் தசைநார்கள் எனப்படும். அவற்றில் முன்புறம் இருப்பதைத்தான் ஏ.சி.எல். என்கிறார்கள். மற்ற இரண்டும் மூட்டுக்கு வெளியே, உட்பக்கமும் வெளிப்பக்கமும் ஓடுகின்றன. இந்த இட வேறுபாடு நமக்கு முக்கியம். மூட்டுக்குள் செலுத்தும் மருந்து சிலுவைத் தசைநார்களைச் சுற்றித் தேங்குகிறது. பக்கத் தசைநார்களை அவ்வளவு எளிதில் எட்டுவதில்லை.

தசைநாரின் கட்டுமானத்தைப் புரிந்துகொள்ளத் தேங்காய் நார்க் கயிற்றைப் பிரித்துப் பார்த்தால் போதும். ஒற்றை நாரை விரலால் இழுத்தே அறுத்துவிடலாம். அதையே திரித்து, பிரிகளாக்கி, பிரிகளை முறுக்கினால் கிணற்று வாளியைத் தாங்கும். தசைநாரில் அந்த நார், கொலாஜன் என்ற புரதம். கயிறு தொய்வாக இருக்கையில் நெளிந்து கிடந்து, இழுத்ததும் முதலில் நிமிர்ந்து, பிறகே பாரத்தை ஏற்பது போல, கொலாஜன் இழைகளும் முதலில் நெளிவு நீங்கி, அதன் பின்னரே விறைக்கின்றன. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: கயிறு நைந்தால் நைந்ததுதான். தசைநாருக்குள்ளோ நார்ச்செல்கள் குடியிருக்கின்றன. பழைய இழையை அகற்றிப் புதிய கொலாஜனைச் சுரப்பது அவற்றின் வேலை. ஊசியைப் பற்றிய கேள்வியெல்லாம் கடைசியில் இந்தச் செல்களுக்கு என்ன நேர்கிறது என்பதில்தான் வந்து நிற்கும்.

உறுதி என்பதற்கு எண் உண்டா? உண்டு. சாவியோ வூ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், இறந்தவர்களின் முழங்கால்களிலிருந்து ஏ.சி.எல். தசைநாரை அதன் இரு முனை எலும்புகளோடு எடுத்து, கருவியில் பொருத்தி, அறுந்துபோகும் வரை இழுத்துப் பார்த்தார்கள். 22 முதல் 35 வயது வரையிலானவர்களின் தசைநார் சராசரியாக 2160 நியூட்டன் விசையைத் தாங்கியது. சுமார் 220 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அது 658 நியூட்டன், அதாவது 67 கிலோ அளவுதான். எந்த ஊசியும் இல்லாமல், வயது மட்டுமே மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது. சாதாரணமாக நடக்கையில் இந்தத் தசைநார்மீது விழும் பாரம் அந்த அளவைவிடக் குறைவு. தொடைத் தசைகளும் தாங்கிக்கொள்கின்றன. அதனால்தான் முதியவர்கள் நடக்கிறார்கள்.

இனி மருந்துக்கு வருவோம்.

1948 செப்டம்பரில், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் படுத்துக் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு பிலிப் ஹென்ச் ஒரு புதிய ஹார்மோனைக் கொடுத்தார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். கார்ட்டிசோன் என்று பெயர்பெற்ற அந்தப் பொருளுக்காக ஹென்ச், எட்வர்டு கெண்டால், தாடியஸ் ரைக்ஸ்டைன் மூவரும் 1950இல் நோபல் பரிசு பெற்றார்கள். உடல் முழுவதும் பரவினால் பக்கவிளைவுகள் அதிகம் என்பதும் விரைவிலேயே தெரிந்துவிட்டது. வலிக்கும் மூட்டுக்குள் மட்டும் செலுத்தினால் என்ன என்று பிலடெல்பியாவில் ஜோசப் ஹாலண்டர் முயன்றார். மூட்டுக்குள் கார்ட்டிசோன் அவ்வளவாகப் பலன் தரவில்லை, ஹைட்ரோகார்ட்டிசோன் தந்தது. கார்ட்டிசோன் உடலுக்குள், முக்கியமாகக் கல்லீரலில், மாற்றமடைந்த பிறகே வேலை செய்யும் பொருள். ஹைட்ரோகார்ட்டிசோன் அந்த மாறிய வடிவமே. 1951இல் ஹாலண்டரின் முடிவுகள் வெளியாயின. இன்று உலகெங்கும் போடப்படும் மூட்டு ஊசிகளின் தொடக்கம் அதுதான்.

இப்போது பெரும்பாலும் டிரையம்சினோலோன் அல்லது மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு பயன்படுகிறது. குப்பியைக் கவனித்தவர்களுக்குத் தெரியும்: அடியில் வெள்ளைப் படிவு தங்கியிருக்கும், குலுக்கியதும் முழுவதும் கலங்கி வெண்மையாகும். நீரில் எளிதில் கரையாத நுண்படிகங்கள் அவை. படிகங்கள் மூட்டுக்குள் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, வாரக்கணக்கில் மருந்தை விடுவிக்கின்றன. மருத்துவர் காலை நீட்டிப் படுக்கவைத்து, முட்டிச்சில்லை ஒருபக்கமாக லேசாகத் தள்ளி, அதன் அடியில் ஊசியை நுழைப்பார். தேங்கியிருக்கும் மஞ்சள் நிற மூட்டு நீரை முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே ஊசி வழியே மருந்தை ஏற்றுவதும் உண்டு.

மருந்து செய்வது என்ன? செல்லுக்குள் நுழைந்து, அதன் உட்கருவரை சென்று, அழற்சிப் பொருட்களைத் தயாரிக்கச் சொல்லும் மரபணுக்களை அடக்கிவைக்கிறது. வீக்கம், சூடு, வலி மூன்றும் தணிகின்றன. ஆனால் அந்தக் கட்டளை மூட்டின் வீங்கிய உட்சவ்வுக்கு மட்டும் என்று குறிப்பிட்டுப் போவதில்லை. அருகிலுள்ள தசைநாரின் நார்ச்செல்லும் அதைக் கேட்கிறது. கொலாஜன் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. வலியைத் தணிக்கும் அதே செயல்தான் பழுதுபார்க்கும் வேலையையும் நிறுத்துகிறது. முதலில் கேட்ட புதிரின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

செல் அளவில் நடப்பது தசைநாரின் உறுதியில் தெரியுமா? உயிரோடிருக்கும் மனிதரின் தசைநாரை எடுத்து இழுத்துப் பார்க்க முடியாது. 1970களில் ஃபிராங்க் நாய்ஸ் என்ற எலும்பியல் மருத்துவரின் குழு ரீசஸ் குரங்குகளில் அதைச் செய்தது. மூட்டுக்குள் மெத்தில்பிரெட்னிசோலோன் செலுத்திய குரங்குகளின் ஏ.சி.எல். தசைநார்களைச் சில வாரங்கள் கழித்து எலும்போடு எடுத்து, அறுந்துபோகும் வரை இழுத்தார்கள். மருந்து பெற்றவற்றின் தாங்குசக்தி குறைந்திருந்தது. உடல் எடையோடு ஒப்பிடுகையில் மருந்தின் அளவு அதிகமாக இருந்தபோது சரிவும் அதிகம். மனிதர்களுக்குத் தருவதை நெருங்கிய அளவில் சரிவு குறைவு. ஓடியாடி மைதானத்தில் மோதாத விலங்குகள் இவை. ஆகவே பட்கஸ் வழக்கில் பிரிக்க முடியாதிருந்த இரண்டில் ஒன்று இங்கே பிரிந்துவிட்டது: வலியை மறைப்பதைத் தாண்டி, மருந்துக்குத் திசுவின்மீதே ஒரு விளைவு உண்டு.

தசைநாணின் கதை இன்னும் கூர்மையானது. 1976இல் கனடாவின் கென்னடி, வில்லிஸ் இருவரும் முயலின் குதிகால் தசைநாணுக்குள்ளேயே நேரடியாக ஸ்டீராய்டைச் செலுத்திப் பார்த்தார்கள். இரண்டு நாளில் உறுதி ஏறத்தாழ 35 சதவீதம் சரிந்தது. இரண்டு வாரத்தில் பெரும்பாலும் மீண்டது. முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணுக்குள்ளும் குதிகால் தசைநாணுக்குள்ளும் ஊசியை இறக்க மருத்துவர்கள் தயங்குவதற்கும், ஊசி போட்டபின் சில நாள் கடின வேலை வேண்டாம் என்று சொல்வதற்கும் பின்னால் இத்தகைய சோதனைகள் இருக்கின்றன.

நல்ல தசைநாருக்கே இந்த நிலை என்றால், புதிதாகக் கிழிந்த தசைநாருக்கு? விக்கின்ஸ், ஃபடேல் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் 1994, 1995இல் வெளியிட்ட சோதனைகளில் முயலின் உட்பக்கத் தசைநாரை வெட்டி, ஆறும் இடத்தில் ஸ்டீராய்டு செலுத்தினார்கள். ஆறிய தசைநார், மருந்து பெறாததைவிடக் குறைந்த பாரத்திலேயே அறுந்தது. நாள் செல்லச் செல்லத் திசுவின் தரம் ஓரளவு மீண்டாலும், பட்டை மெலிந்தே இருந்தது. காரணம் ஊகிக்கக்கூடியதே. காயம்பட்டதும் முதலில் வருவது அழற்சி. அதுதான் சேதமடைந்ததை அகற்றி, நார்ச்செல்களை அந்த இடத்துக்கு வரவழைக்கிறது. அடுத்து அவசரமாகப் போடப்படும் கொலாஜன். அதன்பின் மாதக்கணக்கில் அதை வரிசைப்படுத்தும் வேலை. முதல் கட்டத்தையே அடக்கிவிட்டால் பின்னால் வருபவை மெலிந்துதான் வரும். விளையாட்டில் கால் திருகி வீங்கி வந்தவருக்கு, எது கிழிந்தது என்று தெரியாமல் ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்புவது தவறு என்று இதை வைத்துத் துணிந்து சொல்லலாம்.

முட்டித் தேய்மானக்காரரின் கேள்வி வேறு. அவருக்குக் குருத்தெலும்புதான் கவலை. இங்கே மனிதர்களிடமே சான்று இருக்கிறது; அது வந்த விதமும் சுவையானது. 2003இல் கனடாவில் ரேனோவும் குழுவினரும் 68 நோயாளிகளை இரு பிரிவாக்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு ஆண்டுகள்வரை ஒரு பிரிவுக்கு டிரையம்சினோலோனும் மறு பிரிவுக்கு வெறும் உப்புநீரும் செலுத்தினார்கள். எக்ஸ்ரேயில் எலும்புகளுக்கிடையே உள்ள இடைவெளியை அளந்தார்கள். இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. பல ஆண்டுகள் மருத்துவர்கள் இதையே ஆதாரமாகக் காட்டினார்கள்.

எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. இடைவெளியை வைத்து அதன் தடிமனை ஊகிக்கத்தான் முடியும். 2017இல் பாஸ்டனின் டஃப்ட்ஸ் மருத்துவ மையத்தைச் சேர்ந்த டிமதி மெக்அலிண்டனின் குழு, 140 பேரிடம் கிட்டத்தட்ட அதே சோதனையைச் செய்து, இம்முறை எம்.ஆர்.ஐ. மூலம் குருத்தெலும்பையே அளந்தது. இரண்டு ஆண்டில் உப்புநீர் பெற்றவர்களுக்கு 0.10 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தது. ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு 0.21. வலியைப் பொறுத்தவரை இரு பிரிவுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. இதை வாசிக்கும்போது இரண்டு விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள குருத்தெலும்பில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடுதல் தேய்மானம் என்பது அளக்கத்தக்கது. ஆனால் நோயாளி உணரத்தக்கதா என்பது வேறு கேள்வி. அடுத்து, வலியை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கேட்டார்கள். ஊசி போட்ட முதல் சில வாரங்களில் கிடைத்த நிவாரணம் கணக்கில் வரவில்லை. அந்தச் சில வார நிவாரணம் நிஜம். பிற ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாலும், முதல் ஓரிரு வாரத்தில் நல்ல பலன், பிறகு படிப்படியாகக் குறைவு, ஆறு மாதத்தில் ஒன்றுமில்லை என்பதே சித்திரம்.

அப்படியானால் ஊசியே வேண்டாம் என்று காலை மடக்கி உட்கார்ந்துவிடலாமா? கூடாது. அதற்கும் நாய்ஸின் குரங்குகளிடமே பதில் இருக்கிறது. அதே காலகட்டத்தில் அவர் வேறு சில குரங்குகளின் காலை எட்டு வாரம் அசையாமல் கட்டிவைத்தார். எந்த மருந்தும் இல்லை. ஏ.சி.எல். தசைநாரின் தாங்குசக்தி 39 சதவீதம் குறைந்தது. கட்டை அவிழ்த்து ஐந்து மாதம் நடமாடவிட்ட பிறகும் முழுதாகத் திரும்பவில்லை. ஒரு வருடம் ஆன பிறகுதான் பழைய நிலையை நெருங்கியது. ஸ்டீராய்டு ஊசியைக் கண்டு அஞ்சுகிறவர்களில் பலர், வலிக்குப் பயந்து மாதக்கணக்கில் நடையை நிறுத்தியிருப்பார்கள். அவர்கள் தசைநாருக்கு அந்த முடக்கம் செய்யும் கேடு, ஓர் ஊசி செய்வதைவிடச் சிறியது என்று சொல்ல இடமில்லை. நார்ச்செல்கள் இழுவையை உணர்ந்துதான் கொலாஜனைச் சுரக்கின்றன. இழுவை நின்றால் சுரப்பும் மந்தமாகும்.

இந்த இடத்தில் 2020இல் வெளியான ஓர் ஆய்வு பொருந்தி வருகிறது. அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் முட்டித் தேய்மானம் உள்ள 156 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு ஊசி, பாதிப் பேருக்குப் பிசியோதெரபி. வலி, விறைப்பு, இயலாமை மூன்றையும் சேர்த்து 0 முதல் 240 வரை மதிப்பெண் போட்டார்கள்; குறைந்தால் நல்லது. ஒரு வருட முடிவில் ஊசிப் பிரிவின் சராசரி 55.8, பிசியோதெரபிப் பிரிவு 37.0. இரு பிரிவும் தேறியிருந்தன. பயிற்சி செய்தவர்கள் அதிகம் தேறியிருந்தார்கள்.

ஸ்டீராய்டுக்கு மாற்றாகச் சொல்லப்படும் ஊசிகள் பற்றிச் சுருக்கமாக. நோயாளியின் ரத்தத்தையே சுழற்றித் தட்டணுக்களைச் செறிவாக்கிச் செலுத்தும் பி.ஆர்.பி. ஊசிக்கு இப்போது பெரிய வரவேற்பு. 2021இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் உப்புநீரோடு ஒப்பிட்டபோது, ஒரு வருடத்தில் வலியிலும் குருத்தெலும்பிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. சர்க்கரைக் கரைசலைச் செலுத்தித் தசைநாரை வலுப்படுத்துவதாகச் சொல்லும் புரோலோதெரபி இன்னொன்று. 2008இல் எலிகளின் இழுபட்டுக் காயமடைந்த தசைநாரில் இதைச் சோதித்தபோது, தசைநார் தடித்தது. ஆனால் உறுதி கூடவில்லை. ஸ்கேனில் தடித்துத் தெரிவதை வைத்து வலுவாகிவிட்டது என்று யாராவது சொன்னால் இந்த எலிகளை நினைத்துக்கொள்ளலாம்.

வீக்கத்தால் காலை அசைக்கவே முடியாதவருக்கு ஸ்டீராய்டு ஊசி பெரிய உதவி. அது சில வாரம் வலியில்லாத அவகாசத்தைத் தருகிறது. அந்த அவகாசத்தில் முதல் சில நாட்களைக் கடின வேலை இல்லாமல் கழித்துவிட்டு, தொடைத் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியைத் தொடங்கியவருக்கு ஊசி பயன்பட்டது. அவகாசம் முடிந்ததும் அடுத்த ஊசிக்கு நாள் குறிப்பவருக்கு அது பயன்படவில்லை.

ஊசிக்கு ஒப்புக்கொள்ளும் முன் மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: சிக்கல் தேய்மானமா, கிழிவா? ஊசி மூட்டுக்குள்ளா, தசைநாண் அருகிலா? பயிற்சியை எப்போது தொடங்கலாம்? சர்க்கரை நோய் இருந்தால் சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பின் சில நாள் ரத்தச் சர்க்கரை ஏறும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை யோசனை இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஊசிக்கும் அறுவைக்கும் இடையில் மூன்று மாதமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தொற்று அபாயம் கூடும். கடைசியாக, போட்ட மருந்தின் பெயர், அளவு, தேதி, எந்தக் கால் என்பதை எழுதி வாங்கிக் கோப்பில் வையுங்கள். வேறு மருத்துவரிடம் போகும்போது, இதற்கு முன் எத்தனை ஊசி போட்டீர்கள் என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார்.